ஜன்னலோரத்தில் ஓர் அவரைச் செடி

கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மாலைப் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார், குப்பத்துத் தொடக்கப்பள்ளி டீச்சர். விரலெல்லாம் சாக்பீஸ் தூள். கையில் பிளாஸ்டிக் தம்ளர். அதில் வெளிறிப்போன அவரைச் செடி. அதை என் மூக்குக்கு முன்னால் ஜன்னல் வெயிலுக்கு நீட்டிக்கொண்டே வந்தார்.

"இன்னா டீச்சர், செடிக்கு சீக்கா?" என்றேன் எரிச்சலோடு.

"பாடத்துக்காக இருட்டுப் பெட்டியில மூடி வெச்சது. வெயில்ல வளந்தத புள்ளைங்க சண்ட போட்டு எடுத்துனு போச்சிங்க. இத ஒருத்தரும் கேக்கல."

"பொழைக்குமா?"

"போன வருசத்துது மாடியில காச்சுகினு கீது. நான் ஒரே ஆளு, எவ்ளோதான் துன்றது?" என்று சிரித்தார்.

திருக்கழுக்குன்றத்தில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். என் ஜன்னல் சீட்டு காலியாகியும் அவர் நகரவில்லை. தம்ளரை அதில் உட்காரவைத்திருந்தார்.