உள்ளங்கை ரேகை கறுத்த வருடம்

என்னைப் பெண் கேட்டு வந்தது என் நிறத்துக்காகத்தான். அதை யாரும் மறைக்கவில்லை. எழுபத்தெட்டில் கிழக்கிலங்கையைச் சூறாவளி அடித்ததற்கு மறுவருடம் அது. வாப்பா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்தவரின் தாய் என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பிடி ஒரு வெள்ளப் புள்ளயத்தான் தேடித் திரிஞ்சன்" என்றார். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கே வந்து குடியிருந்தார். வீட்டை என் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மாவும் தங்கைகளும் அதே வளவின் பின்பக்கம் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டாம் வருடம் எனக்கு ஒரு களைப்பு வந்தது. பாயை விட்டு எழும்பினால் கண் இருட்டும். சோறு இறங்காது, உப்பு மட்டும் வேண்டும். தேசிக்காய் ஊறுகாய்ச் சாடியில் நிற்கும் உப்புத் தண்ணீரைக் கரண்டியால் அள்ளிக் குடிப்பேன். பிள்ளை உண்டாகிவிட்டது என்று மாமி பலகாரத்தோடு வந்தார். அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

பிறகு தோல் கறுக்கத் தொடங்கியது. முதலில் விரல் முட்டிகள். அடுத்து முகம், கழுத்து. அந்த வருடம் கஞ்சிப் பானை சுட்ட தழும்பும் கறுத்தது. முக்காடில்லாமல் வாசல் படலையைத் தாண்டாத என்னைப் பார்த்து எல்லோரும் வெயில் என்றார்கள். உம்மா மஞ்சளும் சந்தனமும் அரைத்துப் பூசினார். பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதித் தந்தார். செய்வினை என்றும் ஒருத்தி சொன்னாள்.

மாமி ஒரு நாள் முற்றத்தில் நின்று, அயல் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"வெள்ளப் புள்ளயெண்டு காட்டித் தந்தீங்க. இப்ப பாருங்க, அடுப்புக்கரி! அண்டைக்கு என்னத்தப் பூசிக் காட்டினீங்க?"

என் கணவர் வாசலில் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிழமையே உடுப்புகளை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனார். கடையில் வேலை கூடிவிட்டது என்றார்.

ஒரு காலை கிணற்றடியில் வயிற்றைப் புரட்டிச் சத்தியெடுத்து மயங்கி விழுந்தேன். உம்மா வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அதுவரை பார்த்த டொக்டர்மார் சத்து மருந்துதான் எழுதித் தந்திருந்தார்கள். இவர் என் கையை விரித்து ரேகைகளைப் பார்த்தார். பேனாவால் கீறியதுபோல அவை கறுத்துக் கிடந்தன. வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைச் சுற்றிய முரசைப் பார்த்தார்; அதுவும் கறுத்திருந்தது.

"வெயிலில கறுத்த ஆளுக்கு வாய்க்குள்ள ஏன் கறுக்குது?" என்று உம்மாவைக் கேட்டார். "வீட்டில ஆருக்காவது கசம் இருந்ததா?"

"இல்ல" என்றார் உம்மா, கேள்வி முடியும் முன்பே.

வாப்பாவுக்குக் காசநோய்தான்; எங்கள் கண் முன்னால் இருமி இருமித்தான் இறந்தார். ஊருக்கு அதை மூச்சிழுப்பு என்று சொல்லி வைத்திருந்தோம். கட்டிக் கொடுக்கப் பெண்கள் இருந்த வீடு.

"ஓம் டொக்டர், வாப்பாக்கு இரிந்திச்சி" என்றேன். உம்மா என் தொடையில் நுள்ளினார்.

அன்றே சேலைன் ஏற்றி ஊசி போட்டார்கள். இரத்தம் சோதித்த பிறகு அவர் விளக்கினார்.

"சிறுநீரகத்துக்கு மேல ரெண்டு சின்னச் சுரப்பி இருக்கு. வாப்பான்ர கசம் உங்களுக்கும் தொத்தி, அதத் திண்டுபோட்டுது. தோல் எப்பவோ சொல்லிப்போட்டுது. ஒருத்தருக்கும் விளங்கேல்ல."

கசத்துக்குத் தனி மருந்து தந்தார். சுரப்பிக்கான மாத்திரையை உயிருள்ளவரை விடக்கூடாது என்றார். என் தோலைப் பற்றி ஊரில் கதைக்காத ஆள் இல்லை. உள்ளே நான் செத்துக்கொண்டிருந்தது அந்தக் கதை எதிலும் இல்லை.

சில மாதங்களில் கறுப்பு கரைந்தது. செய்தி எப்படியோ கடைத்தெருவுக்குப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, கையில் புடவைப் பார்சலோடு என் கணவர் வந்தார்.

"இப்ப பழையபடி வந்திட்டாய்" என்றார்.

"திரும்பவும் கறுத்தா?"

சிரித்தார். நான் பகிடி விட்டதாக நினைத்துக்கொண்டார். உம்மா அதற்குள் கோழி பிடித்து அறுக்கக் கொடுத்துவிட்டிருந்தார். நான் குசினிக்குள் போய், "இந்த மனிசன் எனக்கு வேணாம்" என்றேன்.

"வாய மூடிக்கிட்டு இரி மகள்" என்றார் உம்மா, வெங்காயத்தை உரித்தபடி. "தலாக் வாங்கினவள்ற தங்கச்சிய ஆர் முடிப்பான்?"

புதுப் புடவையை உடுத்துக்கொண்டு நான்தான் சோறு பரிமாறினேன். தங்கைகளின் கலியாணங்கள் நடந்தன. எனக்கும் ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு அவர் நல்ல வாப்பா, அதில் பொய் சொல்ல மாட்டேன். பிறகு சண்டையும் பிரச்சினைகளும் வந்து ரோட்டுகள் மூடிக் கிடந்த நாட்களிலும், எங்கெங்கோ அலைந்து என் மாத்திரையை வாங்கி வந்தார். அது தீர்ந்தால் நான் இறந்துபோவேன் என்று அவருக்குத் தெரியும். இறப்பதற்கு முன் கறுப்பேன் என்றும் தெரியும். இரண்டில் எதற்குப் பயந்து அப்படி அலைந்தார் என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை.