நம்பரைச் சொல்லாதே என்றேன்

உங்கள் அப்பாருவின், என்னைப் பெற்றவரின், வாயை அடைத்தவன் நான்தான், கண்ணுகளா. நோய் அல்ல... நான்!

‘அப்பாரு அந்த நம்பரையும் மறந்துட்டாருங்கப்பா’ என்று நீங்கள் இருவரும் சொல்லும்போதெல்லாம் குனிந்து செருப்பைத் தேடுகிறவன் போல நடித்திருக்கிறேன். நீங்கள் கவனிக்கவில்லை. நல்லவேளை என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். எட்டாவதோடு பனியன் கம்பெனிக்குப் போனவன் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துப் படியுங்கள்.

பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்த மனிதர். மறதி நோய் வந்த பிறகு என் பெயர் போயிற்று. சாப்பிட்டது மறந்தது, வீட்டுக்கு வரும் வழி மறந்தது. ஒருநாள் மங்கலம் ரோட்டில் வேட்டி இல்லாமல் நின்றவரை யாரோ கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள்.

ஆனால் பட்டாள நம்பர் மட்டும் போகவில்லை. தினமும் நீங்கள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்துக்கு வாசலில் விறைப்பாக நின்று நம்பர், ரேங்க், பெயர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார். நீங்கள் சல்யூட் அடித்துவிட்டு ஓடுவீர்கள். அந்த ஒரு நிமிடம், தான் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் அம்மா கம்பெனியில் துணி செக்கிங் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டாள். என் ஒருத்தன் கூலியில் ஓடவில்லை. அவள் மறுபடியும் வேலைக்குப் போக, மலர், உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அவருக்குக் காவல் வைத்தோம். ஒரு மாதம்! நீ ஒரு வார்த்தை முனகவில்லை. அதுதான் என்னை அதிகம் அறுத்தது.

அப்போதுதான், இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க உதவித்தொகை உண்டு என்று கேள்விப்பட்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அன்று அந்த அலுவலகப் பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒருவர் என்னைக் கலக்கிவிட்டார்.

“ஏனுங்க, உங்கப்பாரு டாக்டரு முன்னால நம்பரச் சொல்லி சல்யூட் அடிச்சாருன்னு வைங்க... நல்லாத்தான இருக்காருன்னு எழுதி அனுப்பிருவாங்க. அப்புறம் நீங்க நடையா நடக்க வேண்டீதுதான்.”

அவருக்கு என்ன தெரியும்? நான் கேட்கவில்லை. டாக்டரிடமே போய்க் கேட்டிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. பயந்தவனுக்குப் பெஞ்சில் இருப்பவன் சொல்வதே சட்டம்.

தமிழில் சொன்னால் அப்பா கேட்கமாட்டார், சிரிப்பார். ஆனால் இந்தியில் அதட்டினால் பட்டாளம் நினைவு வந்து அப்படியே பணிவார். என் ஓவர்லாக் மிஷினுக்கு அடுத்த மிஷினில் பீகார் டெய்லர் ஒருவர். டீ நேரத்தில் அவரிடம் கேட்டேன், விறைப்பாக நிற்கச் சொல்வது எப்படி, ‘நம்பரை யாரிடமும் சொல்லாதே, இது உத்தரவு’ என்பது எப்படி என்று. எதற்கு என்று கேட்டார். பிள்ளைகளின் பள்ளிக்கூட நாடகத்துக்கு என்றேன். உங்களையும் பொய்யில் சேர்த்துக்கொண்டேன் பாருங்கள்... சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். உள்ளங்கையில் தமிழில் எழுதிக்கொண்டேன்.

நான்கு நாள் கம்பெனிக்குத் தாமதமாகப் போனேன். மலர், உன் தம்பி பள்ளிக்கூடம் கிளம்பி, அம்மாவும் போன பிறகு, உன்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அதட்டினேன். “சாவ்தான்!”

விருட்டென்று எழுந்தார். நம்பரைச் சொல்ல வாயெடுத்தார். மேஜையில் ஓங்கித் தட்டி, உள்ளங்கையில் இருந்த உத்தரவைப் படித்தேன். அவர் முகம் எப்படி மாறிற்று என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பெற்ற மகனை மேலதிகாரி என்று நினைத்து, “சாப்?” என்றார். குற்றம் என்ன என்று கேட்பது போல.

நான்காம் நாள் வாய் திறக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்!

டாக்டரம்மா பொறுமையானவர். கிழமை கேட்டார், ஊர் கேட்டார், என்னைக் காட்டி யார் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அப்பா ‘தெரியலீங்க’ என்றார். அது நிஜம். கடைசியில், பட்டாள நம்பர் ஞாபகம் இருக்கிறதா என்றார் டாக்டரம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். தாடை இறுகிற்று. கழுத்து நரம்பு எழும்பிற்று. ஒரு சொல் வரவில்லை. நான் தலையசைத்தேன்... அதிகாரி ஒருவன் மெச்சுவது போல.

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: “நம்பரும் போயிருச்சுங்களா? பழசெல்லாம் கடைசியிலதாங்க போகும். அது ஞாபகம் இருக்கறவங்களுக்கும் எழுதிக் குடுத்துட்டுத்தான் இருக்கறேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

உதவி வந்தது. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருகிறார். மலர், நீ பள்ளிக்கூடம் போகிறாய். அப்பாரு வாசலுக்கு வருகிறார், நம்பர் வருவதில்லை. நோய் அதைத் தின்றுவிட்டதா? இல்லை, என் உத்தரவை இன்னும் காக்கிறாரா? எந்த டாக்டரால் இதைச் சொல்ல முடியும்?

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெளியே போனதும் அவரை நிற்க வைத்தேன். அதே சொல், அதே அதட்டல். எழுந்து நின்றார். நம்பரைச் சொல்லுங்கள் அப்பா, உத்தரவு முடிந்தது என்று தெரிந்த தமிழில் எல்லாம் கெஞ்சினேன். உதடு அசைந்தது. மூடிக்கொண்டது.

பிறகுதான் உறைத்தது, இவரைத் தளர்ந்து நிற்கச் சொல்ல என்ன சொல்? அதை நான் அந்த டெய்லரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியதை மட்டும் கேட்டு வந்தவன். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. தோளை அழுத்தினேன், முட்டி மடங்கவில்லை. கால் நடுங்க, கண்ணை எங்கோ நேராக வைத்துக்கொண்டு நின்றார்.

நீங்கள் திரும்பி வந்தபோது, ‘எதுக்குங்கப்பா அப்பாரு நிக்கறாரு?’ என்று கேட்டீர்கள்.

அவருக்கு நிற்கப் பிடிக்கிறது என்று சொன்னேன்.