ஐந்தாம் மாடிக் கயிறு

அது பர்மியரின் தாடின்ஜுட் விளக்குப் பண்டிகையின் முதல் மாலை. எங்கள் தெருவில் பலரும் பௌர்ணமியன்று நடந்தது என்று சொல்கிறார்கள். இல்லை, அதற்கு முந்தின நாள். முதல் மெழுகுவத்திகள் அன்றுதான் ஏறின. நாள் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் அதன் பின்னால் ஒழுங்காக வந்து நிற்கும் என்று நம்புகிறவன் நான்.

லான்மடா பேட்டையில் எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது, தெருக்கதவு எப்போதும் பூட்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். மேல் நுனியில் மணி, கீழ் நுனியில் கிளிப். வருகிறவர் கயிற்றை இழுப்பார். மேலே மணி அடிக்கும். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்குவார்.

நான் நாலாம் மாடி. எனக்கு நேர் மேலே ஒரு தமிழ் முஸ்லிம் பெண் தனியாக இருந்தாள். நாற்பதை நெருங்கியவள், மருந்துக்கடையில் வேலை. என்னை அண்ணே என்பாள். அந்த மழைக்காலத்தில் அவள் வீட்டுக்கு ஒரு பர்மியப் பையன் வரத் தொடங்கினான். அவளைவிடப் பத்து வயதாவது இளையவன், புத்தாண்டுப் பொது மன்னிப்பில் சிறையிலிருந்து வெளியே வந்தவன், க்யிம்யிண்டைங் துறையில் படகு ஓட்டியவன். கைக்காயத்துக்கு மருந்து வாங்கக் கடைக்கு வந்தவனாம். அவளை மமா, அதாவது அக்கா என்று கூப்பிடுவான், கேலியாக. இரவு தங்கும் விருந்தாளியை வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். அவனிடம் பதியக் காகிதம் எதுவும் இல்லை. அவளுடைய அண்ணன்மாருக்குத் தெரிந்தால் அது வேறு கதை. இருவரும் சேர்ந்து தெருவில் நடந்து நான் பார்த்ததே இல்லை.

மின்சாரம் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மடிக்கணினியில் மூவரும் ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்தோம். சிறை மீண்ட ஒரு திருடன், யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு ரயில் நிலையப் பணிப்பெண், இருவருக்கும் காதல், பின்னால் போலீஸ். கீழே ஓடிய ஆங்கில எழுத்தை நான் தமிழில் சொல்ல, அவள் அதைப் பர்மியில் அவனுக்குச் சொன்னாள். ஆபத்து என்றால் அந்தப் பணிப்பெண் ஜன்னலில் சிவப்புத் துண்டைப் போடுவாள். அதைப் பார்த்துவிட்டுத் திருடன் திரும்பி நடந்துவிடுவான். கடைசியில் எல்லைக்கு அப்பால் சந்தித்துக்கொள்வார்கள்.

"விட்டுட்டுப் போறான் பாருங்க அண்ணே, நன்றிகெட்டவன்" என்றாள்.

அதையும் பர்மியில் சொன்னாள். அவன் சிரித்தான். "புத்திசாலி, மமா. போனாத்தானே திரும்பி வரலாம்."

"நீயும் போயிருவியா?"

"போவேன். ஓடுறதுல எனக்கு அனுபவம் இருக்கு."

"நம்ம தெருவுல எல்லா வீட்லயும் சிவப்புத் துண்டு தொங்குது" என்றாள் அவள். "நமக்குக் கயிறுதான். கயிறு மேல இருந்தா வராதே."

விளையாட்டாகச் சொன்னதுதான். அந்த மாதமே அது விளையாட்டாக இல்லாமல் போயிற்று. துறைக்குப் பக்கத்தில் ஒரு நகைக்கடையில் கொள்ளை. காவலாளி செத்துப்போனார். கொள்ளையரை ஆற்றுக்கு அக்கரை சேர்த்த படகு அவன் ஓட்டியது. யாரை ஏற்றுகிறோம் என்று தெரியாது என்றான். அவள் நம்பினாள். எனக்கு இன்றுவரை தெரியாது.

பண்டிகைக் கூட்டத்தோடு கூட்டமாக அன்று மாலை இருவரும் அக்கரையில் த்வாண்டேவுக்குப் படகேறி, அங்கிருந்து கால்வாய் வழியாகத் தப்பிப் போவதாக ஏற்பாடு. அவன் பகலிலேயே படகு பேசப் போயிருந்தான். இருட்டும் நேரம் வந்து மணி அடிப்பான், இவள் பையோடு இறங்குவாள்.

அவனுக்கு முன்னால் போலீஸ் அதிகாரிகள் வந்துவிட்டார்கள், சாதாரண உடையில் மூன்று பேர். கீழே கதவைத் தட்டியபோதே அவள் கயிற்றைச் சுருட்டி பால்கனிக் கம்பியில் மாட்டிவிட்டிருக்கிறாள். வீட்டைச் சோதிக்க அக்கம்பக்கத்துச் சாட்சி வேண்டும் என்பதால் என்னை மேலே அழைத்துப் போனார்கள். கட்டியிருந்த பையைப் பார்த்துவிட்டு, காத்திருப்பது என்று முடிவு செய்து உட்கார்ந்தார்கள். எனக்கு எதிரே அவள். இருவருடைய கண்ணும் கம்பியில் கிடந்த அந்தச் சுருளில் இருந்தது. கயிறு மேலே இருக்கிறவரை அவன் வரமாட்டான்.

ஐந்தாம் மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வயதான பர்மிய அம்மாள். எல்லோரும் மரியாதையாக டோ என்போம். மெழுகுவத்தி வைக்கத் தன் பால்கனிக்கு வந்தவர், கயிறு மேலே கிடப்பதைப் பார்த்திருக்கிறார். தாடின்ஜுட் நாட்களில் இளையவர்கள் பழமும் பலகாரமும் கொண்டுவந்து பெரியவர்களை வணங்குவார்கள். அந்த நாளில் கயிற்றைச் சுருட்டி வைத்தால், யாரும் வர வேண்டாம் என்று தெருவுக்கே சொன்ன மாதிரி.

துணி காயப்போடும் மூங்கில் கழி ஒன்று பக்கவாட்டிலிருந்து மெல்ல நீண்டது. சுருளைத் தூக்கியது, கம்பிக்கு வெளியே விட்டது. கயிறு ஓசையில்லாமல் இறங்கிப் போயிற்று.

"மறதிக்காரி!" என்றது பக்கத்து பால்கனிக் குரல், அன்பாக.

அவள் எழுந்தாள். "டீ போடறேன்."

"உட்காரும்மா" என்றார் அதிகாரிகளில் மூத்தவர்.

பிறகு மணி அடித்தது.

"யார்?"

"பால்காரர்" என்றாள்.

"சாயங்காலமா?" அவர் எழுந்து ஆணியிலிருந்த சாவியை எடுத்தார். பால்கனிக்குள் போகாமல் கையை மட்டும் நீட்டிக் கயிற்றை இழுத்து, கிளிப்பில் சாவியை மாட்டி, பதமாக இறக்கினார். அவரும் இப்படி ஒரு கட்டடத்தில் குடியிருப்பவராகத்தான் இருக்க வேண்டும்.

அவள் அவரைத் தள்ளிக்கொண்டு கம்பிவரை ஓடினாள். தமிழில் அவனுக்குச் சில சொற்கள் கற்றுக்கொடுத்திருந்தாள், வா, போ, சாப்பிடு, இந்த மாதிரி. "போ!" என்று கத்தினாள். "போ! போ!"

நானும் எட்டிப் பார்த்தேன். அவன் அண்ணாந்து பார்த்தான். அவள் தோளுக்குப் பின்னால் நின்ற ஆளையும் பார்த்தான். தெரு இரண்டு பக்கமும் திறந்துதான் கிடந்தது. அவன் குனிந்து கிளிப்பிலிருந்து சாவியைக் கழற்றினான். தெருக்கதவு திறக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

படிகளில் அவன் ஓடி வரவில்லை. சாதாரணமாக ஏறி வந்தான். வாசலில் அதிகாரிகள் அவன் கையைப் பிடித்தபோது அவள் அவனை அறைந்தாள்.

"ஓடுவேன்னு சொன்னியேடா!"

"படத்துலதான் மமா அது" என்றான்.

இருவர் கையிலும் விலங்கு மாட்டிக் கூட்டிப் போனார்கள். மெழுகுவத்தி எரிகிற பால்கனிகளுக்குக் கீழே, தெருவின் நடுவே, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். அவன் அவளுக்காக நடையைக் குறைத்துக்கொண்டான். தெருமுனையில் இரண்டு வண்டிகள் நின்றன. ஆளுக்கு ஒன்று.

"இவளுக்கு இவனா? பொருத்தமே இல்லையே" என்றார் டோ. அவருக்கு விஷயம் எதுவும் விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை.

பிறகு தூறல் விழுந்தது. கயிறு நனைகிறதே என்று டோ அதே கழியால் அதை மேலே இழுத்து, அழகாகச் சுருட்டி, கம்பியில் மாட்டி வைத்தார்.