தகரக்கா திறந்து விட்ட விளிம்பு

என் அக்காவைத் தெருவே தகரக்கா என்றுதான் கூப்பிடும். கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் தண்ணீர் இறங்காமல் தகரம் வளைத்துக் கட்டுவது அவள் தொழில். பத்தொன்பது வருடமாகச் செய்கிறாள். அத்தான் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வார். யோசனை சொன்னால், “ஏணியைப் பிடிக்கிறவருக்கு எதுக்குங்க கருத்து?” என்பாள். அவ்வளவு திமிர். இருந்துவிட்டுப் போகட்டும், அவள் கட்டிய இடம் எதுவும் ஒழுகியதில்லை.

நான் புத்தகம் பைண்டிங் செய்கிறவன். என் பட்டறை, பக்கத்து வீட்டின் உயரமான சுவரை ஒட்டிச் சாய்த்துப் போட்ட தகரக் கூரை. மழை வந்தால் சுவரோரம் சொட்டும். போன மாதம் அக்கா ஏறினாள். கூரைக்கு ஒரு சாண் மேலே சுவரில் நீளமாகக் காடிப் பள்ளம் வெட்டி, தகரப் பட்டையின் மேல் விளிம்பை அதற்குள் செருகி அடைத்தாள். கீழ் விளிம்பைக் கூரைமேல் மடித்துவிட்டாள். சிமெண்ட் பூசினால் போதாதா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“வெயில்ல தகரம் நீளும், சுவர் நீளாது. ரெண்டையும் ஒட்டவச்சா விரிசல் விடாம என்ன செய்யும்? போய் உன் பசையைக் கிண்டு.”

அவள் போன பிறகு ஏறிப் பார்த்தேன். கீழ் விளிம்பு ஒட்டாமல், விரல் நுழைகிற இடைவெளியோடு நின்றது. என் கை சும்மா இருக்குமா? நாள் முழுக்க விளிம்பு விளிம்பாக ஒட்டியே பிழைக்கிறவன் நான். புத்தக முதுகுக்கு ஒட்டுகிற காலிகோ துணியை நீளமாகக் கிழித்து, தாரில் தோய்த்து, அந்த இடைவெளியை அடைத்துவிட்டு இறங்கினேன். பாவம், அவசரத்தில் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவும் இல்லை. என்ன பெருந்தன்மை பாருங்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பள்ளிக்கூடம் தன் ஏழு கட்டடங்களுக்கும் இந்த வேலைக்கு ஆள் தேடியது. அக்காவுக்கு வந்ததிலேயே பெரிய வேலை. ஒரு பெண்ணால் முடியுமா என்று தலைமையாசிரியைக்கே தயக்கம்.

“மழை பெய்யும்போது என் தம்பி பட்டறைக்கு வந்து பாருங்க டீச்சர். ஒரு சொட்டு விழுந்தாலும் வேற ஆளுக்குக் குடுத்துடுங்க,” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. டீச்சர் குடையோடு வந்து அக்காவோடு சுவரோரம் நின்றார். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு சொட்டியது. அப்புறம் கோடாகவே இறங்கியது. தைத்து வைத்திருந்த புத்தகங்களை அள்ளிக்கொண்டு மறுபக்கம் ஓடினேன்.

“சரிம்மா, நான் கிளம்பறேன்,” என்றார் டீச்சர்.

“நில்லுங்க டீச்சர். என் வேலை ஒழுகாது. மேல போய்ப் பார்த்துட்டு வரேன்.”

அக்கா முகத்தில் துளி சந்தேகம் இல்லை. எனக்கோ நான் அடைத்த துணி ஞாபகம் வந்தது. அவள் பார்த்துவிட்டு இறங்குவதற்குள் டீச்சர் போய்விட்டால், அந்த வேலையும் போய்விடும்.

“டீச்சர், நான்தான் அடைச்சேன்,” என்றேன். “கீழ் விளிம்பைத் துணி வச்சு அடைச்சது நான். அக்காவுக்குத் தெரியாது.”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் மேஜைக் கத்தியை எடுத்துக்கொண்டு மழையில் ஏறினாள். துணி கிழியும் சத்தம் கேட்டது. தேங்கியிருந்த தண்ணீர் கூரைமேல் சரசரவென்று வெளியே ஓடியது. உள்ளே கோடு சொட்டாகி, சொட்டு நின்றது.

“காத்தடிச்சா தகரத்துக்குப் பின்னால கொஞ்சம் தண்ணி வரத்தான் செய்யும் டீச்சர்,” என்றாள் இறங்கி வந்து. “வந்தது வெளிய போகணுமில்ல? அதுக்குத்தான் திறந்து விட்டேன்.”

டீச்சர் இன்னும் அரை மணி நேரம் அதே இடத்தில் நின்றார். “திங்கட்கிழமை அளவெடுக்க வந்துடுங்க,” என்று சொல்லிப் போனார்.

அக்கா தலையைத் துவட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

“அவசரத்துல விட்டுட்டேன்னு நினைச்சியா?”

“ஆமாக்கா.”

“இதையே ஒரு ஆம்பளை மேஸ்திரி கட்டியிருந்தா?”

காரணமாகத்தான் விட்டிருப்பான் என்று நினைத்திருப்பேன். அதை அவளிடம் அப்படியே சொன்னேன்.