அடுத்த ரவைக்குள்

1993, லண்டனில் மழை விடாத பகல். நான் மதுரைக்காரன், கிங்ஸ்பரியில் சிவபாலன் அண்ணை வீட்டில் தங்கியிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து மளிகைக் கடை வைத்திருப்பவர் அவர். துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்து உரிமமும் வாங்கிவிட்டார். இன்று கைத்துப்பாக்கி எடுக்க என்னையும் துப்பாக்கிக் கடைக்கு இழுத்து வந்திருக்கிறார். எனக்கு இதில் கொஞ்சமும் விருப்பமில்லை.

கடைக்காரர் நகைக்கடை மரியாதையோடு பச்சைத் துணியில் ஒன்றை வைக்கிறார். வேட்டைக்கான கைத்துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரே தோட்டாதான், அண்ணை பேச்சில் ரவை, போடலாம். குழலைக் கழற்றிவிட்டு வேறு குழல் மாட்டிக்கொள்ளலாம். பெரிய குழலைக் காட்டி, இது மானையே சாய்க்கும் என்கிறார். அண்ணை அதைத் தொடவில்லை. சின்னக் குழலை மாட்டச் சொல்கிறார்.

பிறகு அண்ணையே துப்பாக்கியை மடித்துத் திறக்கிறார். மருந்தில்லாத ரவையைப் போட்டு மூடுகிறார். மறுபடியும் திறந்து, போட்டு, மூடுகிறார். ஒவ்வொரு முறையும் அவர் கண் கடையின் கதவுவரை போய் வருகிறது.

பழகினால் வேகம் வந்துவிடும் என்று கடைக்காரர் தேற்றுகிறார்.

"நாலஞ்சு ரவை போடுறதா எடுத்தா என்ன அண்ணே?" என்கிறேன்.

"வேண்டாம்," என்கிறார். "ஊரிலை எங்கடை தம்பியைச் சுடேக்க முதல் வெடி படேல்லை. வேலிக்குக் கொஞ்சத் தூரம்தான். சுட்டவன்ரை கையிலை இது இருந்திருந்தா, அடுத்த ரவை போடுறதுக்குள்ளை தம்பி தாண்டியிருப்பான்."

மறுபடி திறக்கிறார். கதவைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக ரவையைப் போடுகிறார்.