கறுப்பு கிளாஸ் நம்பர் அஞ்சு

வீட்டுல வச்ச பேரு ஒண்ணு இருக்கு, ஆனா அது ரேஷன் கார்டோட சரி. பத்திரிகை ஆபீஸ் வாட்ச்மேன்லேர்ந்து எடிட்டர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் மூக்கர்தான். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல பதினோரு வருஷமா பீர் விமர்சனம் எழுதறார். பெரிய கம்பெனி சரக்கு இல்ல. ரெண்டு மூணு பேரு சேர்ந்து சின்ன ஷெட்டுல காய்ச்சி, கையாலயே லேபிள் ஒட்டற பீர். மூக்கர் நல்லா எழுதினா அந்த வாரமே காலியாயிடும். எழுதாம விட்டா ஷெட்டுல பூனை குட்டி போட்டுக்கும்.

வாசகருங்க போன்ல கூப்பிடுவாங்க. "சார், ஆரஞ்சுத் தோல் வாசனைன்னு எழுதினீங்கல்ல சார், தேடித் தேடி மூணு பாட்டில் குடிச்சேன் சார். மூணாவதுல வந்துருச்சு சார்."

ருசி பாக்கற நாள்ல வீட்டுல சட்டம் வேற. வாசனை சோப்பு கூடாது, வெங்காயம் வதக்கக் கூடாது, காப்பிக்கு லீவு. மீறினா அக்கம்பக்கம் கேக்கற மாதிரி கத்துவார். அவர் மனைவி அதுக்குப் பழி வாங்கற விதமே தனி. அவரை மாதிரியே கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கி, குரலை இறக்கி, "ம்ம்ம்... பின்னாடி லேசா ஈர மரம்... நடுவுல கொஞ்சம் பக்கத்து வீட்டுக்காரர்..."னு இழுப்பாங்க.

அந்த மூக்கு பத்தொன்பது நாளைக்கு முன்னாடி செத்துப்போச்சு. சாதாரண சளிதான். சளி போச்சு, வாசனை திரும்பி வரல. அடுப்புல பால் கரியாகறப்போ அவர் பக்கத்துலயே நின்னு பேப்பர் படிச்சிட்டிருந்தார். மனைவி மாடியிலேர்ந்து ஓடி வந்து அணைச்சாங்க. "ஏதோ யோசனை"ன்னார். யார்கிட்டயும் மூச்சு விடல. சொன்னா வேலை அன்னிக்கே முடிஞ்சுது. அந்த ஞாயித்துக்கிழமைப் பத்தியைத் தவிர அவருக்கு வேற தொழிலும் தெரியாது. நிறத்தைப் பாத்து, நுரையைப் பாத்து, நாக்குல பட்ட கசப்பை வச்சு ரெண்டு வாரம் குத்துமதிப்பா எழுதித் தள்ளினார். கொடுமை என்னன்னா, அந்த ரெண்டுக்கும்தான் பாராட்டு அதிகம்.

மூணாவது வாரம் காலை பத்து மணிக்கு ஒரு அக்காக்காரியோட ஷெட்டு. அக்காவும் தம்பியுமா ஆரம்பிச்ச இடம். போன வருஷம் தம்பி பின்னாடி பீப்பாய் அறையில செத்துப்போனான். பீர் புளிக்கறப்போ ஒரு காத்து கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா கனம். வெளிய போக வழியில்லைன்னா தரையோட தரையா தேங்கி நிக்கும். கீழ விழுந்த ஸ்பானரை எடுக்கக் குனிஞ்சவன் எழுந்திருக்கல. அதுக்கு முந்தின வாரம் அவன் மரப்பீப்பாயில ஊத்தி மூடின பீரைத்தான் இன்னிக்குத் திறந்திருந்தாங்க.

அந்த அக்காவுக்கு எந்தப் பேச்சுக்கும் வால்ல ஒரு 'சரியா' வேணும். "ஆறு கிளாஸ் அண்ணே, சரியா? எல்லாமே கறுப்புக் கண்ணாடி. நிறத்தைப் பாத்து ஏமாத்த முடியாது, சரியா?"

கிண்டலுக்குத்தான் சொன்னா. ரெண்டு வாரமா மூக்கர் பிழைச்சதே நிறத்தைப் பாத்துத்தான். போதாததுக்கு, ஒரே பீரை ரெண்டு கிளாஸ்ல ஊத்தி நடுவுல கலந்து வைக்கறதும் இந்தத் தொழில்ல வழக்கம். ரெண்டுக்கும் ஒரே மாதிரி எழுதறாரான்னு பாக்கற பொறி.

முதல்ல எல்லாத்தையும் மோந்து எழுதணும், அப்புறம்தான் குடிக்கணும். ஒண்ணு, சூனியம். ரெண்டு, சூனியம். வாய்க்கு வந்தபடி ரொட்டி, பாகு, காஞ்ச புல்லுன்னு கிறுக்கினார். அஞ்சாவது கிளாஸைத் தூக்கறப்போ கணுக்கால்ல சில்லுன்னு ஏதோ பட்டுது. அடுத்த மூச்சுல வாசனை வந்துது.

லேசா இல்ல. முகத்துக்கு முகம் நின்னு யாரோ மூச்சு விட்ட மாதிரி. கிராம்பு மிட்டாய். ஈர ரப்பர் பூட்ஸ். வேர்வை ஊறின கம்பளித் தொப்பி. மூக்கு திரும்பி வந்துடுச்சுன்னு நினைச்சார். பறபறன்னு எழுதிட்டு ஆறாவதை எடுத்தார். அதுல ஒண்ணும் இல்ல. மறுபடி அஞ்சை எடுத்தார். அதுலயும் இல்ல. ஆனா அந்த வாசனை போகல. அது கிளாஸ்லேர்ந்து வரல. முதுகுப் பக்கம், பீப்பாய் அறைக் கதவுகிட்டேர்ந்து வந்துது.

எழுதினதைச் சத்தமா படிச்சார். அஞ்சு வந்தப்போ அந்த அக்கா முகம் வெளுத்துப்போச்சு.

"என் தம்பியைப் பத்தி யாரு சொன்னா உங்களுக்கு?"

"நான் அவரைப் பாத்ததே இல்லையேம்மா."

"பாத்திருக்க முடியாது. எந்நேரமும் வாயில கிராம்பு மிட்டாய். நீங்க வர்ற அன்னிக்கு உங்க மூக்கு கெட்டுடும்னு அந்த அறைக்குள்ளயே உக்காந்திருப்பான். நீங்க போனப்புறம்தான் வெளிய வருவான்." ஒரு 'சரியா'வைக் காணோம். "ரெண்டும் அஞ்சும் ஒரே பீப்பாய் அண்ணே. ஒண்ணுக்கு ரொட்டின்னு எழுதியிருக்கீங்க, ஒண்ணுக்கு என் தம்பின்னு எழுதியிருக்கீங்க. செத்தவனை வச்சா விளையாடுவீங்க? இருங்க, பீப்பாய்லேர்ந்து புதுசா பிடிச்சிட்டு வர்றேன். என் கண்ணு முன்னாடி மோந்து பாருங்க."

ஜாடியோட கதவுகிட்டப் போனா. அவ ஒரு அடி வைக்க வைக்க வாசனை ஏறிக்கிட்டே போச்சு. யாரோ கையை அகல விரிச்சு வாசலை மறிக்கற மாதிரி.

"உள்ள போகாதம்மா."

"காத்து மீட்டர்ல பச்சை எரியுது பாருங்க. காத்து சுத்தமாத்தான் இருக்கு."

அவளை நிறுத்த அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது.

"எனக்கு மூக்கு இல்லம்மா. பத்தொன்பது நாளாச்சு. போன ரெண்டு வாரம் எழுதினது பொய், இன்னிக்கு ரொட்டியும் பொய். உன் பீர் வாசனை எதுவும் எனக்கு வரல. அந்த மிட்டாய் மட்டும் வருது, நீ நிக்கற இடத்துல வருது."

அவ திரும்பி மீட்டரைப் பாத்தா. அப்புறம் ஜாடியைக் கீழ வச்சுட்டு, மூலையில கிடந்த நீளக் கம்பியை எடுத்தா. நுனியில மெழுகுவத்தி. மீட்டர் வர்றதுக்கு முன்னாடி எல்லா ஷெட்டுலயும் அதுதான் பழக்கம். கொளுத்தி, வாசல்லயே நின்னு உள்ள நீட்டி மெல்ல இறக்கினா. இடுப்பு உயரத்துல எரிஞ்சுது. முழங்கால் உயரத்துல, பீப்பாய்க் குழாய் மட்டத்துல, அணைஞ்சுது. ஊதினா சுடர் ஆடும், அது ஆடவே இல்ல. யாரோ ரெண்டு விரலால கிள்ளி எடுத்த மாதிரி போச்சு.

காத்தை வெளிய தள்ளற பின்சுவத்து ஃபேனோட பெல்ட் அறுந்திருந்துது, மீட்டரை மாட்டியிருந்ததோ தலை உயரத்துல. வெளிப்பக்கக் கதவையெல்லாம் திறந்து விட்டுட்டு ரெண்டு பேரும் ரோட்டோரமா உக்காந்தாங்க.

"இப்பவும் வருதா அண்ணே?"

"இல்லம்மா."

அவ தலையை ஆட்டிக்கிட்டு அழுதா.

மத்தியானம் ஆபீஸுக்குப் போய், மூக்கு போனதையும் ரெண்டு வாரப் பொய்யையும் பத்து வரியில எழுதிக் கொடுத்தார். மிட்டாய் விஷயத்தை எழுதல. எடிட்டர் படிச்சுட்டு, "பதினோரு வருஷத்துல இதுதான்யா சுருக்கமா எழுதியிருக்க"ன்னார். அவ்வளவுதான் வழியனுப்பு.

வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட மூக்கு போன கதையை மட்டும் சொன்னார்.

"தெரியும்"னாங்க. "பால் தீஞ்ச மறுநாள்லேர்ந்து வாசனை சோப்புதான் போட்டுக் குளிக்கறேன். ஒரு நாளாவது கத்துவீங்கன்னு பாத்தேன். சட்டையைக் கழட்டுங்க, ஊற வைக்கணும்."

அவர் முகத்தைப் பாத்து மனசு கேக்கல போல. சிரிக்க வைக்கலாம்னு சட்டையை மூக்குல வச்சு, கண்ணை மூடி, குரலை இறக்கினாங்க. "ம்ம்ம்... பின்னாடி லேசா ரப்பர்... நடுவுல கொஞ்சம்..."

குரல் நின்னுது. கண்ணைத் திறந்தாங்க.

"ஏங்க, யாருங்க இது, கிராம்பு மிட்டாய் சாப்பிடற ஆளு?"

மூக்கர் சட்டையைப் பிடுங்கி முகத்துல வச்சு இழுத்தார். மறுபடியும் இழுத்தார். அவருக்கு ஒண்ணும் வரல.