இரை போடாத கமரா

நல்லூரில் திருவிழாக் கொடி ஏறிவிட்டால் எங்கள் வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் வராது. உடுப்பிட்டியிலிருந்து நல்லூர் எவ்வளவு தூரமென்றாலும், அம்மாவின் கணக்கில் கோயில் பக்கத்து வளவில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டு ஃபிரிட்ஜுக்குள் வெட்டிய சூடைமீனை ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டு ஒளித்து வைத்திருந்தேன். என் தொழில் அப்படி. கடலடியில் கமராவை இறக்கி, அதற்கு முன்னால் ஒரு வலைப்பையில் இரையைக் கட்டித் தொங்கவிட்டு, தேடி வருகிற மீன்களைப் படம் பிடித்து எண்ணுகிறவள் நான்.

அந்தமுறை எண்ணிக்கையை நம்பி ஒரு மனிதர் இருந்தார். என்னைப் படகில் கொண்டுபோகும் சம்மாட்டி அண்ணை. ஊர்ச் சங்கத்தில் தொண்டை கிழியக் கதைத்து, கரைக்குக் கிட்ட, கடலடியில் மீன்கள் அடையும் ஒரு கற்பாரில் ஒரு வருடத்துக்கு யாரும் மீன்பிடித் தொழில் செய்யக்கூடாது என்று மறித்து வைத்தவர். அந்த வருடம் முடிந்துவிட்டது. பாரைத் திறந்துவிடுவதா என்று முடிவெடுக்க, நான் கமரா இறக்கும் நாளுக்கு அடுத்த நாள் கூட்டம். திறக்கச் சொன்னவர்களில் முதல் ஆள் அவருடைய சொந்த மச்சான். "இரை போட்டால் கிடங்குத் தண்ணியிலையும் மீன் வரும். உந்தப் பிள்ளையின்ரை படம் ஒரு சாட்சியோ?" என்று சந்தி முழுக்கச் சொல்லித் திரிந்தார். எனக்கு அவரைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும்.

காலையில் அம்மா, "உன்ரை பெட்டியைப் பைக்குள்ளை வைச்சிருக்கிறன்" என்றாள். நம்பி எடுத்துக்கொண்டு ஓடினேன். பாருக்கு மேலே படகை நிறுத்திப் பெட்டியைத் திறந்தால், உள்ளே கொழுக்கட்டை. மீனைப் பூனைக்குக் கொட்டி, பெட்டியை மஞ்சள் தண்ணீரில் கழுவி, எனக்கு மதியச் சாப்பாடு அடுக்கியிருக்கிறாள் என்னைப் பெற்ற புண்ணியவதி. அண்ணையின் படகில் வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. மறித்த பாருக்கு அவற்றைக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் வைத்ததே அவர்தான். கரைக்குப் போய் வரவும் நேரமில்லை, கடலைக் குழப்புகிற சோளகக் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது.

"இப்ப என்ன செய்யிறது, பிள்ளை?"

"வெறுமனே இறக்குவம் அண்ணை. ஆனா ஒண்டும் வராது."

அவர் கொழுக்கட்டை ஒன்றை எடுத்துக் கடித்தார். முகம் செத்துப்போயிருந்தது. வெறும் பையோடு கமரா கீழே போனது.

பின்னேரம் அம்மாவோடு கதைக்காமல் லப்டொப்பைத் திறந்தேன். முதலில் கல்லும் பாசியும் மட்டும். பிறகு ஓரா மீன்கள் வந்தன, கூட்டமாக, அவசரமில்லாமல், பாசியைக் கொறித்துக்கொண்டு. ஒரு கிளிமீன் கல்லைக் கடித்து மண்ணாய்த் துப்பியது. திடீரென்று திரை இருண்டது. படகின் நிழல் என்று நினைத்தேன். நிழல் திரும்பி வாயைத் திறந்தது. கலவாய் மீன், அரிசி மூட்டைப் பருமன். கமராவுக்கு முன்னால் வந்து நின்று, செவிளை மெல்ல அசைத்தபடி என்னையே பார்த்தது. எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். அவற்றில் மீன்கள் இரைப்பையோடு மல்லுக்கட்டும், நான் எண்ணுவேன். இவற்றுக்கு என்னிடம் ஒரு அலுவலும் இல்லை. தங்கள் வீட்டில் தங்கள் பாட்டுக்கு இருந்தன. எண்ண மறந்துபோனேன். எப்போது பின்னால் வந்து நின்றாளோ, அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இதைத்தானோடி நாங்கள் கறி வைக்கிறது?" என்றாள்.

அடுத்த நாள் சங்க மண்டபச் சுவரில் படத்தைப் போடும்போது, இரை போடவில்லை என்பதையும் ஏன் என்பதையும் சொன்னேன். பழைய எண்ணிக்கைகளோடு இதை ஒப்பிட முடியாது, திரும்பவும் போகவேண்டும் என்றும் சொன்னேன். கொழுக்கட்டை என்றதும் மண்டபம் கொல்லென்று சிரித்தது. மச்சானும் சிரித்தார். கலவாய் வந்து நின்றபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

மச்சான் எழும்பினார். போச்சடா என்று நினைத்தேன்.

"ஒருக்காத் திருப்பிப் போடு, பிள்ளை."

போட்டேன். சுவருக்குக் கிட்டப் போய் நின்றார். அவருடைய முதுகில் ஓராக்கள் நீந்தின.

"அறிஞ்ச நாளிலையிருந்து கடலுக்குப் போறன்," என்றார். "இதுகள் உயிரோடை, சும்மா நிக்கிறதை இண்டைக்குத்தான் காணுறன்."

பாரைத் திறக்க விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று தலைவர் கேட்டார். எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரையே பார்த்தபடி நின்றார்.